டபிள்யூ.சி. பாலிசிக்கு முன் சம்பள நோட்டு

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்குச் சின்ன ரைஸ் மில். நிரந்தர ஆட்கள் 8 பேர். பாய்லரைப் பார்க்க வருஷா வருஷம் ஆள் வருவார். தொழிலாளர் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் அது வேண்டாத செலவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் அடிபட்ட நிமிஷத்திலிருந்து எல்லோரும் கேட்பார்கள்.

முதலில் தலையை எண்ணுங்கள். 10 பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ. என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீடு; சம்பளத்தில் நம் பங்கு 3.25%, அவர்கள் பங்கு 0.75%. அதற்குக் குறைவென்றால் இழப்பீடு முழுக்க நம் தலையில். அதற்குத்தான் டபிள்யூ.சி. பாலிசி, அதாவது அந்த இழப்பீட்டை நமக்காக ஏற்கும் இன்ஷூரன்ஸ்.

எண்ணும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பிரீமியம் குறையட்டும் என்று 8 பேரை மட்டும் எழுதினேன். தை மாதம் சம்பா வரத்து. மூட்டை தூக்க வந்தவருக்கு நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் பெல்ட்டில் ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது. வயது 35, மாதம் 15,000. சட்டப்படி இழப்பீட்டுக் கணக்கு இது: சம்பளத்தில் 60% 9,000. அந்த வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள எண் 197.06. பெருக்கினால் 17,73,540. முழு ஆள்காட்டி விரலுக்கு 14%, ஆக ஏறக்குறைய 2,48,000 ரூபாய். பாலிசியில் அவர் பெயரே இல்லை. அந்தப் போகத்து வருமானம் அப்படியே போனது. மூடி போடாத பெல்ட் என்னுடையது, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே சீசன் ஆள், கான்ட்ராக்ட் ஆள், எல்லோரையும் எழுதுங்கள். கொடுக்கிற சம்பளத்தையே எழுதுங்கள். 15,000 கொடுத்துவிட்டு நோட்டில் 8,000 போட்டால், விபத்தன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த நோட்டைத்தான் புரட்டும். ஆஸ்பத்திரிச் செலவைத் தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்; ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார்.

அப்புறம், ஊர்ப் பெரியவர்களை வைத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி முடிக்கிற பழக்கம். அந்தத் தாள் செல்லாது. உயிரே போயிருந்தால் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணம் இழப்பீட்டுக் கணக்கிலேயே வராது. தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். கட்டவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் 12% வட்டி, சரியான காரணம் இல்லையென்றால் 50% வரை அபராதம். அபராதத்தைப் பாலிசி தாங்காது. அதற்கும் மசியாதவரிடம் நிலவரி பாக்கி மாதிரி வசூலிப்பார்கள். தாசில்தார் ஆபீஸிலிருந்து ஆள் வரும்.

இந்த இழப்பீட்டுக்கான 1923-ஆம் வருஷத்துச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. கணக்குப் போடும் முறை அதேதான். அறுப்பு தொடங்குமுன் ஏஜென்டைக் கூப்பிடுங்கள். கையோடு பெல்ட்டுக்கு ஒரு தகர மூடியும் அடித்துவிடுங்கள்.