விலங்குகளின் தன்பால் உறவும் பரிணாமமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்குகளின் தன்பால் உறவைப் பற்றிப் பேசுவோர் பலர், "குட்டி ஈனாத உயிரின் மரபணு எப்படித் தலைமுறைகளைக் கடந்தது?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆணோடு கூடும் ஆண் பெண்ணோடு கூடாது என்று அது முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. 1938இல் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ரீசஸ் குரங்குகளின் வழித்தோன்றல்கள் புவேர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய கேயோ சாந்தியாகோ தீவில் வாழ்கின்றன. அவற்றுள் 236 ஆண்களைக் கவனித்த லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட முடிவின்படி, 72 விழுக்காடு ஆண்கள் ஆண்களோடு கூடின. பெண்களோடு கூடியதாகக் காணப்பட்டவை 46 விழுக்காடு. கூட்டுத்தொகை நூறைத் தாண்டுவதே, இருபாலோடும் கூடியவை கணிசம் என்பதைக் காட்டுகிறது. தன்பால் உறவால் குட்டிகளின் எண்ணிக்கை குறைந்ததற்கும் சான்று கிடைக்கவில்லை. மாறாக, அவ்வாறு கூடிய ஆண்கள் சண்டைகளில் ஒன்றுக்கொன்று துணைநிற்பது மிகுதியாக இருந்தது.

அதே ஆய்வின் இன்னோர் எண், 6.4 விழுக்காடு, இதைவிட மோசமாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நூற்றில் ஆறு குரங்குகளிடம் ஏதோ ஒரு மரபணு இருக்கிறது என்பதோ, ஒரு குரங்கின் நடத்தையில் அவ்வளவு பங்கு மரபணுவால் வந்தது என்பதோ அதன் பொருள் அன்று. இந்த நடத்தையில் குரங்குக்குக் குரங்கு காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபுவழி வேறுபாடு விளக்குகிறது என்பதைத்தான், அத்தீவில் பேணப்படும் வம்சாவளிப் பதிவுகளை வைத்து அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரே ரக விதைநெல் ஊன்றிய வயலில் பயிர்களின் உயரம் நீராலும் உரத்தாலுமே வேறுபடும். அதற்காக, நெல்லின் உயரத்துக்கும் மரபணுவுக்கும் தொடர்பே இல்லை என்று எந்த உழவரும் சொல்லமாட்டார். அதுபோல 6.4 சிறியது என்பதால் அதைப் பொருட்படுத்தாமல் விடுவதும் பிழை; மரபுவழி வேறுபாடு சிறிதளவு இருந்தாலும் இயற்கைத் தேர்வு அதன்மீது செயல்பட முடியும்.

'ஃப்ரூட்லெஸ்' என்னும் மரபணு பழுதுபட்ட ஆண் பழ ஈக்கள் ஆண்களை நாடுவது 1963 முதல் அறியப்பட்டதுதான். ஒரு மரபணுவை உடைத்தால் நடத்தை மாறுகிறது என்பதிலிருந்து, இயல்பாக வாழும் உயிர்களின் வேறுபாடும் அந்த ஒற்றை மரபணுவால் வந்தது என்று தாவக்கூடாது. குரங்கிலிருந்து மனிதருக்குத் தாவுவது இன்னும் பெரிய தாவல். மனிதர் ஒருவரின் மதிப்போ உரிமையோ எந்த விலங்கின் வழக்கத்தையும் சார்ந்ததன்று என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

எல்லாவற்றுக்கும் மரபணுவையே தேடுவதும் கூடாது. ஹவாயின் ஓவாகு தீவில் ஆய்வுக்குள்ளான லேசான் அல்பட்ராஸ் என்னும் கடற்பறவைகளின் கூட்டத்தில் 31 விழுக்காடு இணைகள் இரு பெண் பறவைகளால் ஆனவை. அங்கே ஆண்கள் குறைவு. பெண்–பெண் இணைகள், ஆண்–பெண் இணைகளைவிடக் குறைவான குஞ்சுகளையே வளர்த்தன. ஆனால் துணையின்றி இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.