பேனா முனையால் பிளக் செருகும் பழக்கமும் பிற அலுவலகத் தவறுகளும்

மூன்று துளை பிளக் பாயிண்டில் இரண்டு பின் சார்ஜர் உள்ளே போக மறுக்கும். உடனே மேல் துளையில் பேனா முனையையோ கத்தரிக்கோல் நுனியையோ விட்டு அழுத்திக்கொண்டு, கீழே சார்ஜரைச் சொருகுவோம். நம் அலுவலகங்களில் இந்த வித்தை தெரியாதவர் குறைவு.

மேல் துளை எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் அனுப்பும் இணைப்பு. அதற்குரிய பின் மட்டும் நீளமாக இருப்பது, மற்ற இரண்டுக்கும் முன்பாகவே அது இணைப்பைப் பெற வேண்டும் என்பதால்தான். கீழ்த் துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறப்பதும் அந்தப் பின்தான். வயரிங் கோளாறான கட்டடத்தில் எர்த் துளையிலேயே மின்சாரம் இருக்கக்கூடும். கையில் இருப்பது உலோக முனைப் பேனா என்றால் விளைவை விளக்க வேண்டியதில்லை. தரமான அடாப்டர் ஒன்றின் விலை ஒரு வேளை டிபன் செலவைத் தாண்டாது.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சாதாரண பாக்ஸ் 6 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது 1380 வாட். தேநீருக்கு வாங்கி வைத்த கெட்டில் மட்டுமே 1500 வாட் இழுக்கும். அதன் பெரிய 16 ஆம்பியர் பின்னுக்கு கன்வெர்டர் மாட்டி, சின்ன பாயிண்டில் சொருகிவிட்டு, பக்கத்திலேயே லேசர் பிரிண்டரையும் இணைக்கிறார்கள். சூடேறும் நேரத்தில் பிரிண்டரும் ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கக்கூடியது. பிளக்கைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ தொட்டால் சுட்டாலோ அந்த பாக்ஸைக் குப்பையில் போடுங்கள். டேப் சுற்றிப் பிழைக்க வைக்கும் சிக்கனம் வேண்டாம். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் சொருகுவதும், வயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓட்டுவதும் இதே வகைத் தவறுகள்தான்.

ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கினால் பின்கதவைத் திறந்து வெறிகொண்டு இழுப்பவர்கள் உண்டு. மைப்பொடியை உருக்கித் தாளில் ஒட்ட வைக்கும் உருளை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். மெஷினை அணைத்து, ஆறவிட்டு, தாள் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுக்க வேண்டும். டோனர் எனும் அந்த மைப்பொடி சட்டையில் கொட்டினால் வெந்நீர் கூடாது. அது நுண்ணிய பிளாஸ்டிக் கலந்த பொடி. சூடு பட்டால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

தாள் கிழிக்கும் ஷ்ரெடருக்கு முன் குனிவதற்குள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிவிடுங்கள். துப்பட்டாவுக்கும் டைக்கும் இதே எச்சரிக்கைதான். உள்ளே ஏதோ நுழைந்தது என்று உணர்ந்தவுடன் தானாகவே ஓடத் தொடங்கும் ரகங்கள் இருக்கின்றன. அது தாளா நாடாவா என்று பிரித்துப் பார்க்காது.

சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் ஏறி பீரோ மேலிருக்கும் ஃபைலை எடுப்பவர்களுக்கு: ஏணி என்று ஒன்று இருக்கிறது.

மின்சாதனத்தில் தீப்பிடித்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. யுபிஎஸ் தன் பாட்டுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் தந்துகொண்டிருக்கும். அதையும் நிறுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ சிறிதாக இருந்து, வெளியேறும் வழியும் முதுகுப் பக்கம் இருந்தால் மட்டும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை எடுங்கள். அதன் கறுப்பு நிறக் கூம்பை வெறுங்கையால் பிடிக்காதீர்கள்: வாயு பீறிடும்போது தோல் உறைந்து புண்ணாகும் அளவுக்கு அது குளிர்ந்துவிடும்.