மரம் தேய்க்கிற சாண்டரால் காருக்குப் பாலிஷ்

என் கார் கருநீலம். நிழலில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்திவலை பின்னியது போல மெல்லிய கீறல்கள். பத்து வருஷமாக ஒரே வாளித் தண்ணீரிலும் பழைய பனியன் துணியிலும் கழுவியதற்குக் கிடைத்த பரிசு அது. பாலிஷ் மெஷின் ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பட்டறை மேசையில் கிடந்த ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர், அதாவது சுழன்றுகொண்டே ஆடும் உப்புத்தாள் மெஷின், கண்ணில் பட்டது. இரண்டு கட்டிலும் ஒரு புத்தக அலமாரியும் தேய்த்துக் கொடுத்த மெஷின். வண்டியையும் இதிலேயே பார்த்தால் என்ன?

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் இது அப்படியொன்றும் கிறுக்கு யோசனை இல்லை. போர்ட்டர் கேபிள் நிறுவனத்தின் 7424 என்ற பாலிஷரும் 7336 என்ற சாண்டரும் ஏறக்குறைய ஒரே மெஷின்தான். உப்புத்தாளோ பேடோ ஒட்டும் அடித்தட்டும், அதைச் சமன் செய்யும் எதிர் எடையும்தான் வேறு. ஆனால் நம் கையில் இருப்பது பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன சாண்டர். அதன் குணம் கொஞ்சம் வேறு. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உங்கள் மெஷின் தோதானதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தட்டை விரலால் சுற்றுங்கள். வட்டத் தட்டு தன் அச்சில் தாராளமாகச் சுழலவும் வேண்டும், நடுவிலிருந்து சற்று விலகி ஆடவும் வேண்டும். இரண்டும் இருந்தால் சரி. உப்புத்தாளைக் கிளிப்பில் மாட்டும் சதுர சாண்டர் வேண்டாம். அது நின்ற இடத்திலேயே நடுங்கும், சுழலாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டயல் இல்லாத மெஷினையும் நான் தொடமாட்டேன்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. என் சாண்டரின் ஆட்டம் 2.4 மில்லிமீட்டர் விட்டம். ஒரு சுற்றுக்குத் தட்டு நகரும் தூரம் 7.5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் 90 மீட்டர். பாலிஷுக்கென்றே செய்த மெஷினில் ஆட்டம் 8 மில்லிமீட்டர், சிலவற்றில் 15. அவை 4,500 சுற்றிலேயே 113 மீட்டர், 212 மீட்டர் என்று ஓடிவிடும். ஆக, காதைப் பிளக்கிற சத்தம் போட்டாலும் நம் சாண்டர் பெயிண்டின் மேல் செய்யும் வேலை குறைவு. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அவசரத்தில் பெயிண்டைத் தின்றுவிடும் பயம் குறைவு. ஆனால் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான கீறலை இது எடுக்காது. எடுக்கவைக்க முயலவும் வேண்டாம். கழுவியதால் வந்த மெல்லிய கீறல், மங்கல், லேசான தண்ணீர்க் கறை, இவைதான் இதன் எல்லை.

உப்புத்தாளுக்குப் பதிலாகத் தட்டில் ஒட்டிப் பாலிஷ் தேய்க்கும் ஃபோம் பேட் வாங்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். நான் முதலில் தடியான, மெத்தென்ற பேடை வாங்கி மாட்டினேன். மெஷின் ஆடியது, பேடின் மேல்பாதி ஆடியது, பெயிண்டைத் தொடும் கீழ்ப்பாதி அப்படியே நின்றது. இரண்டரை மில்லிமீட்டர் ஆட்டத்தை ஃபோமே விழுங்கிவிட்டது. மெல்லிய, சற்று இறுக்கமான பேட்தான் இதற்குச் சரி. கனமான பேட் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: எதிர் எடை உப்புத்தாளின் எடைக்குத்தான் கணக்குப் போடப்பட்டது, அதனால் மெஷின் உதறி விரல்கள் மரத்துப்போகும். பேடின் விட்டம் தட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். 125 மில்லிமீட்டர் தட்டுக்கு 140 அளவில் பேட் மாட்டினேன். தட்டின் கடின விளிம்பு ஒருதடவை பெயிண்டில் பட்டால் போதும், போட்ட பாலிஷெல்லாம் வீண்.

அடுத்தது மரத்தூள். இதில்தான் பலர் வழுக்குவார்கள். மரத்தூளைவிட, உப்புத்தாளிலிருந்து உதிர்ந்து வெல்க்ரோ முட்களுக்குள் ஒளிந்திருக்கும் மணல் துகள்தான் எமன். ஒரு துகள் பேடில் ஏறினால் போதும், பானட்டில் வட்ட வட்டமாகக் கோலம் போட்டுவிடும். அதனால் பழைய தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பாலிஷுக்கென்று தனியாக ஒரு தட்டு வாங்கிவிட்டேன். மூன்று நான்கு திருகுகள்தான். மெஷின் உடம்பைக் காற்றால் ஊதி, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு அப்புறம்தான் கார் பக்கமே போனேன்.

தட்டில் இருக்கும் ஓட்டைகளையும் மறக்காதீர்கள். தூசியை உறிஞ்சுவதற்காக உள்ளே ஒரு விசிறி ஓடுகிறது. முதல் நாள் நான் இதை யோசிக்கவில்லை. பாலிஷை ஃபோம் வழியாக உறிஞ்சி, தூசிப் பை மாட்டும் குழாய் வழியாகக் கண்ணாடி முழுவதும் தூறல் போட்டது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகளின் சட்டையிலும்தான். ஓட்டை இல்லாத தட்டு கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் தட்டின் மேல்பக்கத்தில், திருகுகளை விட்டுவிட்டு, எல்லா ஓட்டைகளையும் ஒரே அளவு டேப்பால் மூடுங்கள். தட்டுக்கு மேலே இருக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் கழற்ற வேண்டாம். தூக்கும்போது தட்டு தாறுமாறாகச் சுழலாமல் பிடித்து வைப்பது அதுதான்.

வண்டியைக் கழுவுவதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கழுவுங்கள், கிளே பாரை (அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) வழுக்கும் சோப்புத் தண்ணீரோடு தேய்த்து ஒட்டிய அழுக்கை எடுங்கள், நன்றாகக் காயவையுங்கள். ஈர வண்டியில் மின்சார மெஷினை வைக்காதீர்கள். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பட்டை, கதவு விளிம்பு, உடம்பில் ஓடும் கூரான மடிப்புகள், எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பிலும் மடிப்பிலும் பெயிண்ட் மெலிதாக இருக்கும். அங்கே கையால் தேய்த்தால் போதும். மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் மூன்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். மெஷின் வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், அது பெயிண்டில் உரசக்கூடாது.

நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் கனம்தான். நாம் எழுதும் தாள் ஒன்று சுமார் 100 மைக்ரான். அதில் பாதியை வைத்துக்கொண்டு வண்டியின் ஆயுள் முழுவதும் ஓட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாலே கை தானாக அடங்கும். மறைவான ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் வந்தால் அது கிளியர் கோட் இல்லாத பழைய வகை பெயிண்ட், பரவாயில்லை. அங்கே நிறம் வராத, கிளியர் கோட் உள்ள வண்டியில் பிறகு வேலையின் நடுவே நிறம் வந்தால், அந்தப் பகுதியில் மெஷினை அதற்குமேல் வைக்கக்கூடாது.

பானட்டில் 40 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் பாதியை டேப்பால் மறைத்துக்கொண்டேன். அதுதான் வெள்ளோட்டம். நிழலில், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் உலோகத்தில் செய்யுங்கள். பேடில் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு, அதுவும் நைசான பாலிஷ். அதைவிடக் கரடுமுரடான காம்பவுண்டை முதலிலேயே எடுக்காதீர்கள். தேய்க்கத் தேய்க்கத் துகள் உடைந்து நைசாகும் வகை பாலிஷ், இந்தக் குட்டி ஆட்டத்தில் சரியாக உடையாமலே நின்றுவிடும். துகள் உடையாத வகைதான் எனக்குக் கைகொடுத்தது.

மரத்தில் சாண்டரை ஓடவிட்டுத்தான் பலகையில் இறக்குவேன். இங்கே தலைகீழ்: பேடைப் பெயிண்டின் மேல் படுக்கவைத்த பிறகுதான் சுவிட்ச், சுவிட்சை அணைத்து ஆட்டம் நின்ற பிறகுதான் தூக்குவது. முதல் சுற்று டயலைக் குறைத்து வைத்துப் பாலிஷைப் பரப்ப மட்டும். அப்புறம் டயலை நடுவுக்கு மேலே கூட்டி, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில், இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பாதி மூட வேண்டும். இப்படி ஐந்தாறு தடவை. கையின் எடை போதும், அமுக்க வேண்டாம். தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தேன். கோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

வேகம் அதிகம் என்பதால் பேடின் நடுப்பகுதி சூடாகும். ஒரு நாள் ஆர்வக்கோளாறில் பாதி பானட்டை ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தேன். சூட்டில் வெல்க்ரோ முட்கள் இளகி, பேட் கழன்று தோட்டத்துக்குப் பறந்தது. அதிலிருந்து இரண்டு சதுரத்துக்கு ஒரு பேட் என்று மாற்றி மாற்றி மாட்டுகிறேன். பெயிண்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு வரை சரி. பிளாஸ்டிக் பம்பரில் சூடு பரவாமல் அங்கேயே தங்கும். அங்கே டயலைக் குறைத்து, தடவைகளையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

துடைத்ததும் பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மூடி மறைத்திருக்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். டேப்பை உரித்தபோது கோட்டுக்கு ஒரு பக்கம் சிலந்திவலை, மறுபக்கம் கருநீலக் கண்ணாடி. மகள் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். பானட் முழுவதும் முடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. வண்டி முழுவதற்கும் இரண்டு சனி ஞாயிறு.

முடிந்த பிறகு பேடுகளைச் சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காயவைத்து, தனி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். மெஷினையும் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மரத்துக்கான தட்டைத் திரும்ப மாட்ட வேண்டும். சில பாலிஷ்களிலும் மெழுகுகளிலும் சிலிகான் உண்டு. அது பலகையில் பட்டால், மேலே அடிக்கும் வார்னிஷ் ஒட்டாமல் மீன்கண் போலக் குழி குழியாக விலகி நிற்கும். அதனால் பாலிஷ் வேலைக்குப் பின் முதல் ஐந்து நிமிடம் என் சாண்டர் ஓடுவது வேண்டாத ஒரு துண்டுப் பலகையில்தான்.