எக்ஸ்-ஃபைல்ஸ் பாதியில் சலிக்கிறதா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அமானுஷ்ய மர்மத் தொடர்களை ஆசையாகத் தொடங்கி நாலைந்து சீசனில் விட்டுவிடுபவர்கள் ஏராளம். விசித்திர வழக்குகளைத் துப்பறியும் அமெரிக்க எஃப்.பி.ஐ. புலனாய்வாளர்கள் மோல்டர், ஸ்கல்லியின் கதையான 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' 1993-இல் தொடங்கி 2002-இல் முடிந்தது. அப்புறம் 2016-இலும் 2018-இலும் மறுபடி வந்தது. மொத்தம் 11 சீசன், 218 எபிசோடு. சலிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே கதையாக நினைப்பது. உள்ளே ஓடுவது இரண்டு தொடர்கள். மோல்டரின் காணாமல்போன தங்கை சமந்தா என்ன ஆனாள், வேற்றுகிரகவாசிகளை மறைக்கும் சதிக்கும்பல் யார் என்று நீளும் கதை ஒன்று. ஒரே எபிசோடில் முடியும் தனிக்கதைகள் இன்னொன்று. எண்ணிக்கையில் இவைதான் அதிகம். என்னைக் கேட்டால் தரத்திலும். சதிக்கதையின் விடைக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். கும்பலின் கதை 6-வது சீசனிலும் சமந்தாவின் கதை 7-வதிலும் முடிந்த பிறகும் இழுத்தார்கள். 2016-இல், சதியே மனிதர்களுடையதுதான் என்று மாற்றினார்கள். அந்த சீசன் கடைசியில் வந்த பேரழிவை, அது ஸ்கல்லிக்குத் தோன்றிய காட்சி என்று அடுத்த சீசன் தள்ளிவிட்டது. இதற்குப் போய் யார் தலையை உடைத்துக்கொள்வது!

அதனால் அலுப்பு வந்ததும் தொடரை மூடாதீர்கள். சதிக்கதையை மட்டும் தாண்டிப் போங்கள். 3-வது சீசனில் டாரின் மோர்கன் எழுதிய 'கிளைட் பிரக்மேன்ஸ் ஃபைனல் ரிபோஸ்' இருக்கிறது. யார் எப்படிச் சாவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும் ஓர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட்டின் கதை. எழுதியவருக்கும், ஏஜென்ட்டாக நடித்த பீட்டர் பாயிலுக்கும் எம்மி விருது கிடைத்தது. 6-வது சீசனின் 'டிரைவ்' வின்ஸ் கில்லிகன் எழுதியது. மேற்கு நோக்கி வேகமாகப் போய்க்கொண்டே இருக்காவிட்டால் தலை வெடித்துவிடும் மனிதராக பிரையன் கிரான்ஸ்டன் நடித்திருப்பார். பின்னாளில் 'பிரேக்கிங் பேட்' தொடரை உருவாக்கிய கில்லிகனும் அதன் நாயகன் கிரான்ஸ்டனும் முதலில் சேர்ந்தது இங்கேதான்.

ஒரே ராத்திரியில் நாலைந்து எபிசோடு பார்ப்பதும் கெடுதல். வாரம் ஒன்று என்று ஒளிபரப்பவே இதை எழுதினார்கள். மோல்டர் அமானுஷ்யம் என்பார், ஸ்கல்லி அறிவியல் என்பார். வாரத்துக்கு ஒருமுறை அது ருசி. அடுத்தடுத்துப் பார்த்தால் சூத்திரம் பல்லிளிக்கும்.

மோல்டராக நடித்த டேவிட் டுகோவ்னி முழுநேரமாக இல்லையே என்று 8-வது சீசனைத் தொடாமலே விடுகிறார்கள். புதுப் புலனாய்வாளர் டாகெட்டாக வரும் ராபர்ட் பேட்ரிக்குக்கு இரண்டு மூன்று எபிசோடாவது கொடுத்துப் பார்க்கலாம்.

'முடிவை மட்டும் பார்த்துவிடலாம்' என்று 2002-இன் கடைசி எபிசோடுக்குத் தாவாதீர்கள். மோல்டர்மீது ராணுவ விசாரணை, சாட்சிகள் வரிசையாக வந்து பழைய கதையைச் சொல்வது என்றுதான் அதில் பெரும்பகுதி போகும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், 5-வது சீசனை முடித்து 1998-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கதைவரிசையில் அந்தப் படத்தின் இடமும் அதுதான்.