கரையாத சங்கும் கட்ட முடியாத ஓடும்: கடல் அமிலமாதலை வகுப்பில் காட்டுவது எப்படி?

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோரப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். பல வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே சோதனையைத்தான் காட்டி வந்தேன். ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகர், அதில் ஒரு கிளிஞ்சல். நுரை பொங்கும், பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். "கடல் அமிலமாகிக்கொண்டே போனால் சிப்பி, சங்குக்கெல்லாம் இதுதான் கதி" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவேன்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பையனின் அப்பா பள்ளி வாசலில் வந்து நின்றார். சங்கு குளிக்கிறவர். "டீச்சர், கடல்ல சங்கு கரையுதுன்னு பையன் சொல்லுதான். நான் முப்பது வருசமா குளிக்கேன். கரைஞ்ச சங்கு ஒண்ணுகூட என் கையில கெடச்சதில்லையே?"

குறை சொல்ல வரவில்லை அவர், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமிலத்தன்மையைக் காட்டும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கூடும். கடல்நீரின் பிஎச் இன்று சுமார் 8.1. வினிகருடையது இரண்டரைக்குப் பக்கம். பிஎச் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பது நான் நடத்துகிற பாடம்தான். அப்படியென்றால் என் டம்ளரில் இருந்தது கடலைவிட லட்சக்கணக்கான மடங்கு அமிலம். அதைக் காட்டிக் கடலைப் பற்றிப் பேசியது தப்பு. மறுவருடம் முழுப் பாடத்தையும் மாற்றினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

பொருள் எல்லாம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு, ஊதா முட்டைகோஸ் பாதி, சர்க்கரை போடாத வெறும் சோடா ஒரு பாட்டில், கேன் தண்ணீர், வினிகர், சலவைச் சோடா, ஸ்ட்ரா, கண்ணாடி டம்ளர்கள். அப்புறம் ஒரு பாட்டில் கடல்நீர். ஓடையோ சாக்கடையோ கலக்கும் இடத்தில் எடுக்காமல், கொஞ்சம் தள்ளி எடுங்கள்.

முதலில் சுண்ணாம்பு. எங்கள் ஊரில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத்தான் சுண்ணாம்பு செய்தார்கள். என் அம்மா சின்ன வயதில் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக் கூடை கூடையாகக் காளவாய்க்குக் கொண்டுபோனவர். ஓடு என்பது கால்சியம் கார்பனேட். சுடும்போது அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு புகையோடு வெளியேறிவிடும். மிஞ்சுவதைத் தண்ணீர் விட்டு நீற்றினால் வெற்றிலைச் சுண்ணாம்பு. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், ஏனென்றால் இனி செய்யப்போவது இந்த வேலையைத் திருப்பிச் செய்வதுதான்.

முந்தின நாள் இரவே, கொட்டைப்பாக்கு அளவு சுண்ணாம்பை ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். நீற்றாத கல் சுண்ணாம்பு வேண்டாம், தண்ணீர் பட்டதும் கொதிக்கும். காலையில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிவாக இருக்கும். ஆட்டாமல் தெளிந்ததை மட்டும் இறுத்து, அதே அளவு கேன் தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராவின் மேல்பாதியில் ஊசியால் இரண்டு துளை போட்டுவிடுங்கள். பிள்ளைகள் மறந்துபோய் உறிஞ்சினாலும் சுண்ணாம்புத் தண்ணீர் வாய்க்கு ஏறாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அதனால் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும்.

இப்போது ஊதச் சொல்லுங்கள். பால்போல் வெளுக்கும். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். ஆனால் அந்த வெண்மை என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. காளவாயில் போன கார்பன் டை ஆக்சைடை நம் மூச்சிலிருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறோம். டம்ளரில் மிதப்பது கால்சியம் கார்பனேட், கிளிஞ்சல் எந்தப் பொருளோ அதே பொருள். எல்லாரும் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம் அதே டம்ளரில் குளிர்ந்த சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். வெண்மை மெலிந்துகொண்டே வரும். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியோ தாளோ வைத்தால் நன்றாகத் தெரியும். டம்ளர் அளவுக்கு இன்னொரு டம்ளர் சோடா போனதும் தண்ணீர் மறுபடி தெளிந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அளவாகச் சேர்ந்தபோது ஓட்டின் பொருள் உருவானது. அதே வாயு அதிகமானதும் அது பைகார்பனேட்டாக மாறிக் கரைந்துபோனது. வினிகர் இல்லை, வேறு எந்த அமிலத்தையும் ஊற்றவில்லை. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்தால் உண்டாகும் லேசான கார்பானிக் அமிலம் மட்டும்தான். நாங்கள் ஒரே வகுப்பில் மூன்று தடவை செய்திருக்கிறோம், இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்பார்கள்.

அடுத்தது முட்டைகோஸ். அமிலம் கூடினால் இதன் சாறு நீலத்திலிருந்து ஊதாவுக்கும், பிறகு சிவப்புக்கும் நிறம் மாறும். பொடியாக நறுக்கி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். இரண்டு டம்ளர் கடல்நீரில் இரண்டிரண்டு கரண்டி சாறு விடுங்கள். நீலமாகவோ நீலப்பச்சையாகவோ மாறும். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு மற்றதில் இரண்டு மூன்று நிமிடம் ஊத வேண்டும். ஒரே பிள்ளை ஊதினால் தலை சுற்றும், மாற்றி மாற்றி ஊதட்டும். நீலம் மெதுவாக ஊதாவுக்குத் திரும்பும். பின்னால் வெள்ளைத் தாள் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி அந்த வினிகர். அதை நான் தூக்கிப் போடவில்லை, வேறு வேலைக்கு வைத்துக்கொண்டேன். ஒரு டம்ளரில் 100 மில்லி கேன் தண்ணீர், இன்னொன்றில் 100 மில்லி கடல்நீர், இரண்டிலும் கோஸ் சாறு. சொட்டுக் குழாயால் வினிகரை ஒவ்வொரு சொட்டாக விட்டு எண்ணச் சொல்லுங்கள். கேன் தண்ணீர் ஒன்றிரண்டு சொட்டிலேயே சிவந்துபோகும். கடல்நீர் அப்படியில்லை, அதைவிடப் பல சொட்டு தாங்கும்.

"அப்ப கடல் பலசாலிதானே டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள். பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். கடல் எதை வைத்துத் தாங்குகிறது? தன்னிடம் கரைந்திருக்கும் கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் வைத்து. வந்து சேரும் அமிலத்தை முதலில் பிடித்து அடக்குவது கார்பனேட். ஓடு கட்டச் சிப்பிக்கு வேண்டியதும் அதே கார்பனேட். கால்சியத்துக்குக் கடலில் பஞ்சமே இல்லை, குறைவது கார்பனேட்தான். குழாயடியில் நாம் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது வேறொருவர் முன்னால் புகுந்து பிடித்துக்கொண்டு போவது மாதிரி. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420க்கு மேல். நிலக்கரி, பெட்ரோல் எரித்து நாம் வெளிவிடுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. பிஎச் 8.2லிருந்து 8.1க்கு வந்தது கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளின் கணக்கில் அது சுமார் 30 சதவீத அதிகரிப்பு.

சரி, இதனால் யாருக்கு என்ன ஆனது? இந்த இடத்தில் ஒரேகான் கதையைச் சொல்வேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் நெட்டார்ட்ஸ் விரிகுடா. அங்கே விஸ்கி க்ரீக் என்ற சிப்பிக் குஞ்சு பொரிப்பகம். வளர்ப்பவர்களுக்குப் பசிபிக் சிப்பிக் குஞ்சுகளைக் கொடுப்பது அவர்கள் தொழில். 2007, 2008இல் தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்தன. முதலில் பாக்டீரியா என்று நினைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஏற்பாடுகள் செய்தார்கள். சாவு நிற்கவில்லை. ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸ் முதலானவர்கள் தண்ணீரைச் சோதித்தபோதுதான் காரணம் தெரிந்தது. கோடையில் அங்கே வாடைக்காற்று பிடித்தால் மேல்தண்ணீர் விலகி, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவரும். ஆழத்துத் தண்ணீரில் இயல்பாகவே கார்பன் டை ஆக்சைடு அதிகம். நாம் சேர்த்ததும் அதோடு சேர்ந்துகொள்ள, குஞ்சுகளால் தாங்க முடியவில்லை.

முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதல் ஓட்டை இரண்டே நாளில் கட்டியாக வேண்டும். அந்த இரண்டு நாளும் அதற்கு வேறு சாப்பாடு கிடையாது, முட்டையில் தாய் வைத்துவிட்ட சத்து மட்டும்தான். கார்பனேட் குறைந்த தண்ணீரில் ஓடு கட்டவே அந்தச் சத்து செலவாகிவிட்டால் பிறகு நீந்தித் தின்ன உடம்பில் தெம்பிருக்காது. சங்கு குளிக்கிறவரின் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. அவர் கைக்கு வருவது வளர்ந்த சங்கு. ஒரேகானில் செத்ததோ கண்ணுக்கே தெரியாத குஞ்சு, யார் கைக்கும் வராது.

பொரிப்பகத்தார் என்ன செய்தார்கள் என்பதையும் டம்ளரிலேயே காட்டலாம். ஊதி ஊதாவாக்கிய கடல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். சலவைச் சோடாவைத் தனியே தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு சொட்டாக விடுங்கள், நீலம் திரும்பி வரும். அவர்களும் இதே சோடியம் கார்பனேட்டைத்தான் தொட்டித் தண்ணீரில் சேர்த்தார்கள். கூடிப்போனால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிடும், அதனால் பொறுமையாக விடுங்கள். பொரிப்பகத் தொட்டிக்கு இது சரி. கடலுக்கு இப்படிச் சொட்டுவிட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நம் கடலில் குறைகிற எல்லாவற்றுக்கும் அமிலத்தைக் காரணமாகச் சொல்லிவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளப் பாறைகள் வெளுத்தது கடல் சூடானதால். சிப்பி, சங்கு குறைவதில் அளவுக்கு மீறி எடுப்பதற்கும் பங்குண்டு. பிள்ளைகளின் வீட்டில் கடலை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பொய்யாக ஒரு வரி சொன்னாலும் மிச்சப் பாடத்தையும் நம்ப மாட்டார்கள்.

கடைசியாக, அளந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு. பேனா மாதிரி இருக்கும் மலிவான பிஎச் மீட்டர் 0.1 வரை தவறலாம். இத்தனை ஆண்டுகளில் உலகக் கடல் மாறியதே அந்த அளவுதான், அதனால் அதை இந்த மீட்டரில் பிடிக்க முடியாது. ஆனால் கடற்புல் அடர்ந்த ஆழமில்லாத இடத்தில் விடியலுக்கும் மதியத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கலாம். பகலில் புல் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பிஎச் ஏறும். விஸ்கி க்ரீக்காரர்களும் இதைப் பார்த்துத்தான் பிற்பகலில் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தார்கள். மீட்டரோடு வரும் கரைசலில் ஒவ்வொரு முறையும் சரிபார்த்துவிட்டு அளக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் நாலு பேர் காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் ஒரே இடத்தில் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். காலை அளவு அந்தப் பையனுடையது, அப்பாவின் வத்தை கிளம்பும் முன் எழுதிவிடுகிறான்.