சுமாரான எண்ணெய்ப் பாறையில் ஃபிராக் செய்வதற்கு முன்னும் பின்னும்

ஊடுருவுதிறன் (பாறை வழியே எண்ணெய் ஓடும் எளிமை) குறைவு, அழுத்தமும் சுமார் என்கிற பாறையில் ஃபிராக், அதாவது ஜெல்லால் கெட்டியாக்கிய தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றிப் பாறையை விரித்து, விரிசல் மூடாமலிருக்க மணலை நிரப்பும் வேலை, எதிர்பார்த்த பலன் தராவிட்டால், "அடுத்த கிணற்றில் மணலைக் கூட்டுவோம்" என்றுதான் பலரும் கிளம்புகிறார்கள். விரிசல் போதவில்லையா, அல்லது போதுமான விரிசல் இருந்தும் ஜெல்லும் தண்ணீரும் உள்ளேயே நின்று அதை அடைத்துவிட்டனவா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் எவ்வளவு மணல் ஏற்றினாலும் காசுதான் வீண்.

அதனால் மினி ஃபிராக்கை விட்டுவிடாதீர்கள். புரொப்பன்ட் (விரிசலைத் திறந்தே வைக்கும் மணல் போன்ற துகள்கள்) இல்லாமல் கொஞ்சம் திரவத்தை மட்டும் ஏற்றி, பம்பை நிறுத்தி, அழுத்தம் இறங்குவதைப் பதிவு செய்தால் விரிசல் மூடும் அழுத்தமும் திரவம் பாறைக்குள் கசியும் வேகமும் கிடைக்கும். பொறுமையாகக் காத்திருந்தால் ஊடுருவுதிறனையே கணிக்கலாம். இறுகிய பாறையில் அதற்கு நாள்கணக்கில் ஆகும், பரவாயில்லை.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. விரிசலின் கடத்துதிறனை (அதில் நிரம்பிய மணலின் ஊடுருவுதிறன் பெருக்கல் விரிசலின் அகலம்), பாறையின் ஊடுருவுதிறனையும் விரிசலின் அரை நீளத்தையும் (கிணற்றிலிருந்து ஒரு பக்க நீளம்) பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். கடத்துதிறன் 500 மில்லிடார்சி-அடி, அரை நீளம் 500 அடி என்று வையுங்கள். பாறையின் ஊடுருவுதிறன் 10 மில்லிடார்சி (ஊடுருவுதிறனின் அலகு) என்றால் விடை 0.1, அதாவது விரிசலே இடுக்கு, அகலத்தைக் கூட்ட வேண்டும். அதே விரிசல் 0.1 மில்லிடார்சி பாறையில் இருந்தால் விடை 10, அகலம் தாராளம், இனி நீளத்துக்குச் செலவழியுங்கள். ஆனால் ஆய்வகத் தாளில் உள்ள கடத்துதிறனை அப்படியே போட்டுவிடக் கூடாது, ஏனென்றால் ஜெல் எச்சமும் மென்மையான பாறைக்குள் மணல் புதைவதும் சேர்ந்து அதைப் பத்தில் ஒரு பங்காகக்கூட ஆக்கிவிடும்.

புரொப்பன்ட் விஷயத்தில், சாதாரண மணல் சுமார் 6000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் வரை தாங்கும், அதற்கு மேல் போனால் பூச்சிட்ட மணலோ செராமிக்கோ வேண்டும். உற்பத்தியில் கிணற்றின் அடி அழுத்தத்தை இறக்க இறக்க மணல் மேல் விழும் சுமை ஏறும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

திரவத்தில்தான் சுமாரான பாறை நம்மைக் கவிழ்க்கும். ஸ்மெக்டைட் களிமண் நன்னீர் பட்டால் வீங்கும், எனவே பாறைத் துண்டை உங்கள் திரவத்திலேயே ஊறப்போட்டுப் பார்த்துவிட்டுப் வீக்கத்தைத் தடுக்கும் பொட்டாசியம் குளோரைடின் அளவை முடிவு செய்யுங்கள். மணலைச் சுமக்கத் தேவையான அளவுக்கு மேல் ஜெல் வேண்டாம். பிரேக்கரை (வேலை முடிந்ததும் ஜெல்லை உடைத்து நீர்க்கச் செய்யும் ரசாயனம்) பாறையின் உண்மையான வெப்பநிலையில் சோதியுங்கள், கிணற்றின் கச்சா எண்ணெயோடு திரவத்தைக் கலந்து பிரியாத குழம்பாகிறதா என்றும் பாருங்கள். அழுத்தம் ரொம்பக் குறைவு என்றால், ஏற்றிய தண்ணீரை வெளியே தள்ளப் பாறைக்குத் தெம்பு இருக்காது. அங்கே நைட்ரஜன் நுரை நல்ல வழி: தண்ணீரும் குறையும், விரியும் வாயுவே மிச்சத்தைத் தூக்கி வரும்.

கிணற்றைத் திறக்கும்போது சிறிய சோக்கில் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துளை) ஆரம்பித்து, வெளிவரும் திரவத்தில் மணல் வருகிறதா என்று அடிக்கடி மாதிரி எடுத்துப் பார்த்தபடியே மெதுவாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் கிணற்றை ஒட்டிய மணல் வெளியே வந்து, விரிசலின் வாய் மூடிக்கொள்ளும்.