எரிந்துபோகிற பூமிக்கு எதற்கு டீச்சர் தண்ணீர் ஊற்றணும்?

ஏப்ரல் கடைசியில் வி.பி.எஸ். (சபைகளில் பிள்ளைகளுக்கு நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தேன். இந்த வருஷம் எனக்குப் பாடம் எதுவும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, புதியவர்கள் எடுக்கும் மாதிரி வகுப்புகளைப் பார்த்துக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பு, தேவன் படைத்த உலகம். காலேஜ் படிக்கிற தம்பி ஒருவர் பைபிளை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, "இதில் எழுதியிருக்கிறது, அதனால் மரம் நடணும்" என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பகீரென்றது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி பைபிளைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நான்.

சத்தம் போடாதீர்கள், மிட்டாயை முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இரண்டே நாளில் பிள்ளைகளே அதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வேதபாட பீரியடும், மே மாதத்தில் வி.பி.எஸ். வகுப்பும் எடுக்கிறவர்களிடம் தானாகத் திருந்தாத தவறுகள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

"அதிகாரம்" என்றால் என்னவென்று சொல்லாமல் ஆரம்பிப்பது

ஏழாம் வகுப்பு. "வேதத்தின் அதிகாரம்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். முன்வரிசைப் பையன் யோசிக்கவே இல்லை. "1189, டீச்சர்!"

தப்பில்லை. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை அதிகாரங்கள் 1189தான். தமிழ் வகுப்பிலும் குறளுக்கு 133 அதிகாரம் என்று படித்தவன். அவனுக்கு அந்தச் சொல் வேறெப்படித் தோன்றும்? பெரியவர்களுக்கும் அதிகாரம் என்றால் தாசில்தார் நினைவுதான் வருகிறது. நான் இப்போது இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்: எனக்குப் பிடித்தது ஒன்று, வேதம் சொல்வது இன்னொன்று; இரண்டும் மோதினால் கடைசி வார்த்தை யாருடையது? அது பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஆனால் இப்படிச் சொல்லிவிட்டால் அந்தக் கடைசி வார்த்தை டீச்சருக்கும் சேர்த்துத்தான். இதை மறந்ததால் வந்த வினையைக் கீழே சொல்கிறேன்.

வசனத்தை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்வது

மரம் நடுவது நல்லது என்று முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். அப்புறம் மரம் என்ற சொல் வருகிற வசனத்தைத் தேடுகிறோம். கிடைப்பது முதலாம் சங்கீதம்: "நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்டு..." அது வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷனைப் பற்றியது, மரக்கன்றைப் பற்றியது இல்லை. கூட இரண்டு வசனம் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் இது தெரிந்துவிடும். ஒரு வேத வினாடிவினாவில் "சுத்தம் சோறு போடும்" என்பதற்கு எதிரே ஒரு பிள்ளை "நீதிமொழிகள்" என்று எழுதியிருந்தது. திருத்தியவர் மதிப்பெண்ணும் போட்டுவிட்டார்.

உண்மையிலேயே படைப்பைப் பற்றிப் பேசுகிற இடங்கள் வேதத்தில் நிறைய இருக்கின்றன. உபாகமம் 22:6, 7-இல் குருவிக்கூடு வருகிறது: குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. லேவியராகமம் 25-இல் ஏழாம் வருஷம் நிலத்துக்கும் ஓய்வு. உபாகமம் 20:19-இல், முற்றுகை போட்டிருக்கும்போதுகூடப் பழமரத்தின்மேல் கோடரியை ஓங்காதே என்கிறது. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பழம் கொடாத மரத்தை வெட்டலாம் என்று அங்கே இருக்கிறது. அதை மறைத்தால் ஒரு வாரத்துக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

"கீழ்ப்படுத்தி" என்ற சொல்லைத் தாண்டிக் குதிப்பது

ஆதியாகமம் 1:28-இல் "பூமியை நிரப்பி, அதைக் கீழ்ப்படுத்தி" என்று இருக்கிறது. அதற்குப் பயந்து நேராக 2:15-க்குப் போய்விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போகாதீர்கள். அந்த வசனத்தில் "ஆண்டுகொள்ளுங்கள்" என்பதற்கு எபிரெயுவில் வருகிற அதே வினைச்சொல்தான் எசேக்கியேல் 34:4-லும் வருகிறது. அங்கே ஆடுகளைக் கடூரமாய் ஆண்ட மேய்ப்பர்களைத் தேவன் கண்டிக்கிறார். ஆளுவது என்றால் எப்படி ஆளக் கூடாது என்பதை வேதமே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு 2:15-க்கு வாருங்கள்: "பண்படுத்தவும் காக்கவும் வைத்தார்." இந்தக் "காக்க"வும், ஆராதனை முடிவில் ஐயர் (சபைப் போதகர்) கை தூக்கி "உன்னைக் காக்கக்கடவர்" என்று சொல்லும் எண்ணாகமம் 6:24-இன் சொல்லும் எபிரெயுவில் ஒன்றே. வாரந்தோறும் கேட்ட சொல் என்பதால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி கேட்டவளை உட்காரவைப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

ஒன்பதாம் வகுப்பு. சங்கீதம் 24:1-ஐ நடத்திக்கொண்டிருந்தேன்: "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது." பள்ளிக்கூட வேப்பங்கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று முறை போட்டுக்கொண்டிருந்த நேரம். இரண்டாம் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்தாள். அதற்கு முந்தின வாரம் ஊரில் கன்வென்ஷன் கூட்டம், கடைசி காலத்தைப் பற்றிப் பிரசங்கம். பென்சிலால் கோடு போட்ட பக்கத்தைத் திறந்து 2 பேதுரு 3:10-ஐ வாசித்தாள். "பூதங்கள் வெந்து உருகிப்போம்" என்ற இடத்தில் பையன்கள் சிரித்தார்கள். பஞ்சபூதத்தைப் பேய் என்று நினைத்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. "பூமியும் எரிஞ்சு அழிஞ்சுபோகும்னு போட்டிருக்கே டீச்சர். எரிஞ்சு போற பூமிக்கு எதுக்குத் தண்ணி ஊத்தணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. "பைபிள்ல இருக்கிறதைக் கேள்வி கேட்கக் கூடாது, உட்காரு" என்றேன்.

இத்தனை வருஷம் கழித்தும் எரிச்சல் வருவது இதை நினைத்துத்தான். அவள் வேதத்தைக் கேள்வி கேட்கவே இல்லை. வேதத்தை வாசித்தாள், கேள்வி கேட்டது என்னை. எனக்கு ஒத்துவராத வசனம் ஒன்று எழுந்து நின்றதும் அதை உட்காரவைத்தவள் நான். வேதத்தின் அதிகாரத்தைப் பற்றி ஒரு மாதம் பாடம் நடத்திவிட்டு, கடைசி வார்த்தை டீச்சருடையதுதான் என்று அரை நிமிஷத்தில் காட்டிவிட்டேன். அந்த வருஷம் வேதபாடப் பரீட்சையில் அவளுக்கு முழு மதிப்பெண். மனப்பாட வசனங்களை மணிமணியாக எழுதியிருந்தாள். கை மட்டும் அதற்குப் பிறகு தூக்கவே இல்லை.

சரி, என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்த அதிகாரத்தையே முழுதாக வாசித்திருக்க வேண்டும். நாலு வசனம் முன்னால், ஆறாம் வசனத்தில், நோவா காலத்து உலகம் ஜலத்தினால் "அழிந்தது" என்கிறார் பேதுரு. அந்த உலகம் அழிந்தது. ஆனால் பேழையிலிருந்து இறங்கிய காலை வைக்க அதே பூமி இருந்தது. இறங்கியவர்களோடு மட்டுமா, சகல ஜீவஜந்துக்களோடும் தேவன் உடன்படிக்கை செய்கிறார் (ஆதியாகமம் 9:9, 10). அப்படியானால் பேதுரு சொல்லும் அக்கினி பூமியை இல்லாமலே ஆக்குகிறதா, புடமிடுகிறதா? பதின்மூன்றாம் வசனத்தில் புதிய பூமி வேறு வருகிறது. இதில் விசுவாசிகள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், அதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். எந்தப் பக்கம் இருந்தாலும் பதினோராம் வசனம் எல்லோருக்கும் ஒன்றுதான். இவையெல்லாம் அழிந்துபோகிறதாயிருக்க, நீங்கள் எப்படிப்பட்ட நடக்கை உள்ளவர்களாயிருக்க வேண்டும் என்று கேட்கிறார். எப்படியும் போகப் போகிறது, இஷ்டம்போல் இரு என்று அவர் முடிக்கவில்லை.

வாடகை வீட்டு உதாரணம் நன்றாக எடுபடுகிறது. வீட்டுக்காரர் அடுத்த வருஷம் இடித்துக் கட்டப் போகிறார் என்பதற்காகக் குடியிருக்கிறவன் குழாயை உடைத்துப்போடலாமா? லேவியராகமம் 25:23-இல் தேவன், தேசம் என்னுடையது, நீங்கள் புறக்குடிகள் என்கிறாரே, அந்தக் கணக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 2 பேதுரு 3-இன் பத்தாம் வசனத்தின் கடைசிச் சொல் "எரிந்து அழிந்துபோம்" என்று இல்லை, "காணப்படும்" என்ற பொருளில் இருக்கிறது. இது தெரிந்ததும் சிலருக்கு ஒரே குஷி. முதல் வேலையாக அதைத்தான் எடுத்து வீசுகிறார்கள். பிள்ளைக்கு அதில் கேட்பதெல்லாம் "உன் கையிலிருக்கிற தமிழ் பைபிள் தப்பு" என்பதுதான். பெரிய வகுப்பில், மற்ற எல்லாவற்றையும் வாசித்து முடித்தபின் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் வேண்டவே வேண்டாம்.

ஜூன் 5 அன்று கன்று நடுவது

உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று போட்டோவுக்கு நன்றாக இருக்கும். தூத்துக்குடிப் பக்கம் நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஜூன் காற்றில் கன்று காய்ந்து, ஆகஸ்டில் குச்சி நிற்கும். ஐப்பசியில் நடுங்கள்.

தெர்மாகோல் பூமி உருண்டை

வேண்டாம். பிளாஸ்டிக் கப்பில் ரஸ்னாவும் வேண்டாம். அந்தக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையே இருக்கிறது.

மற்ற மதத்துப் பிள்ளைகளை வகுப்பில் இருத்திவைப்பது

பெற்றோர் சம்மதம் இல்லாமல் கூடாது. அரசியல் சாசனம் 28(3).

சபைக் கமிட்டி செய்ததற்கு வாய் மூடி இருப்பது

வி.பி.எஸ். இரண்டாம் நாள் உபாகமம் 20:19 நடத்தினேன். மூன்றாம் நாள் காலை பிள்ளைகள் வந்தபோது கோயில் (சர்ச்) காம்பவுண்டுக்குள் ஒரு பெண் பனை விழுந்து கிடந்தது. கார் ஷெட் போட இடம் வேண்டுமாம். மே மாதம், குலை குலையாக நுங்கு. வெட்டியவரே சீவிக் கொடுக்க, பிள்ளைகள் கட்டைவிரலால் தோண்டித் தின்றுகொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முழங்கை வரை வழிந்ததைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அவைகளின் கனியை நீ புசிக்கலாமேன்னு நேத்து படிச்சோமே அக்கா. இங்க யுத்தம்கூட இல்லையே?"

"போய் வரிசையில் நில்" என்றேன். அன்றைக்கு மனப்பாட வசனத்தை யாரையும் ஒப்பிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஷெட்டை நீட்ட வேண்டும் என்று அடுத்த வருஷம் இன்னொரு பனைக்குக் குறி வைத்தார்கள். அதற்குள் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருந்தார்கள். எனக்கு அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மனமில்லை. அந்தப் பையனையும் இன்னும் மூன்று பேரையும் கமிட்டிக்கு அழைத்துப் போனேன். பைபிளைத் திறந்து 19-ஐயும் 20-ஐயும் வாசித்துவிட்டு, "இது பழமரம்தானே ஐயா?" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். மூப்பர் ஒருவர், "பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறீர்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஐயர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டு ஷெட்டை எவ்வளவு தள்ளலாம் என்று விசாரித்தார்.

மரம் நிற்கிறது. ஷெட் அந்த மூலையில் மட்டும் கோணலாக வளைந்து போகிறது. மழைக்கு அங்கே ஒழுகும்.